குவைத்திலிருந்து வந்த ப்ராசசர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டால் முதலில் வருவது வெளிச்சமல்ல, இரைச்சல். உள்ளேயிருக்கும் விசிறி மாவு மில் மாதிரி கத்தி, மேசை நடுங்கி, மேசைமேல் இருக்கும் தண்ணீர்ச் சொம்பும் சேர்ந்து நடுங்கி, அப்புறம்தான் திரை மெல்ல நீலமாகும். அறந்தாங்கியில் எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வெளிநாட்டில் இருந்தார்கள், அப்பா குவைத்தில். அவர் முகத்தைப் பார்ப்பதற்கென்றே பழையதாக வாங்கிய பெட்டி அது. நான் பத்தாம் வகுப்பு எழுதி முடித்த கோடையில் அந்த ஒரு வேலையைத்தான் செய்யமாட்டேன் என்று அது அடம்பிடித்தது.

தங்கச்சி பிறந்திருந்த நேரம். அப்பா லீவு முடிந்து விமானம் ஏறிய பிறகுதான் அம்மாவுக்கே தெரியவந்த பிள்ளை. அடுத்த லீவில் அவர் வந்து நிற்பதற்குள் அவள் நடக்கவே தொடங்கிவிடுவாள். போட்டோ எடுத்து அனுப்பினோம், எல்லாவற்றிலும் தூங்கினாள். "அவ கண்ணு முழிச்சு என்னயப் பாக்கணும், தொட்டில் போடுற அன்னைக்காவது காட்டுங்க" என்று அப்பா போனில் கேட்டார். அவர் அப்படிக் கெஞ்சி நான் அதுவரை கேட்டதில்லை. ஆனால் வீடியோவைப் போட்டால் அப்பா வாயைத் திறந்தபடி அப்படியே "ஸ்டக்" ஆகி நிற்பார். அங்கிட்டு அவருக்குத் தெரிந்ததோ கட்டம் கட்டமாக ஏதோ ஒரு கலங்கல். "என்னங்க, கேக்குதா, என்னங்க" என்று அம்மா திரையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோவார்.

நெட் லைனில் கோளாறு இல்லை என்று லைன்காரர் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனபின், நான் பெட்டியைக் குடைய ஆரம்பித்தேன். வீடியோவைப் போட்டதும் ப்ராசசர் நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு மூச்சுத் திணறியது. படத்தை அனுப்புவது, வருகிற படத்தை விரிப்பது, குரலைச் சேர்ப்பது என்று எல்லாவற்றையும் அந்தப் பழைய சில்லு தனியாளாகச் சுமந்துகொண்டிருந்தது. "ப்ராசசர மாத்துனாப் போதும்ப்பா" என்று நான் போனில் சொல்லி வாயை மூடவில்லை, "நீ ஒண்ணும் வாங்காத ஆத்தா, நான் இங்கேருந்து குடுத்து விடுறேன்" என்றார் அப்பா.

வெளிநாட்டிலிருந்து "குடுத்து விடுற" சாமானுக்கு எங்கள் தெருவில் ஒரு சட்டம் உண்டு: வந்ததில் குறை சொல்லக் கூடாது. அட்டைப்பெட்டியை அறுத்ததும் செண்டும் சோப்பும் பாதாமும் கலந்த வாசனை வீடு முழுக்கப் பரவும். அடியில் எனக்கு ஒரு கவுன் இருக்கும். கடைசியாக என்னைப் பார்த்தபோது நான் எந்த உயரமோ அந்த உயரத்துக்குத்தான் அப்பா எடுப்பார், நானோ அதற்குள் ஒரு சாண் வளர்ந்திருப்பேன். வந்த அன்றைக்கு ஒரு தடவை இழுத்துப் பிடித்துப் போட்டுப் பார்த்துவிட்டு சித்தி மகளுக்குக் கொடுத்துவிடுவேன். போனில் மட்டும், "நல்லா இருக்குப்பா." அம்மாவுக்கு வந்த செருப்புக்கும் அதே பதில்தான். "வெயில்ல கெடந்து சம்பாரிச்சு அனுப்புறாரு, அவருகிட்ட பத்தலை, பெருசுன்னு சொல்லிக்கிட்டு இருப்பாங்களா" என்பார் அம்மா.

நாலு வீடு தள்ளியிருக்கிற சேகர் மாமா லீவில் வந்தபோது ப்ராசசரையும் கொண்டுவந்தார். கடையில் இருந்ததிலேயே பெரியது எது என்று கேட்டு அப்பா வாங்கியிருந்தார். தெருவே வந்து அந்தப் பளபளப்பான பெட்டியைத் தொட்டுப் பார்த்தது. கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றி உட்காரவைத்தால், அளவெல்லாம் பழையதைப் போலத்தான் இருந்தது. ஓரத்தில் இருந்த சின்ன வெட்டு மட்டும் இடம் மாறியிருந்தது. அது புது ரக மதர்போர்டுக்கு உரியது, எங்கள் போர்டில் எந்தக் காலத்திலும் உட்காராது.

"அப்பாகிட்ட மூச்சு விடாத" என்றார் அம்மா. எனக்கு வந்ததே கோபம். சேராத கவுனை நல்லா இருக்கு என்று சொல்லிவிடலாம். சேராத ப்ராசசர் படத்தைக் காட்டுமா? தொட்டில் போடும் நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சில்லுக்கு ஏற்ற போர்டு, அந்தப் போர்டுக்கு ஏற்ற மெமரி, எல்லாவற்றையும் தாங்குகிற பவர் பெட்டி என்று போனால் பழையதில் மிஞ்சுவது தகரக் கூடு மட்டும்தான். அதற்கெல்லாம் அம்மா கையில் வழியில்லை. தங்கச்சி முகத்தை அப்பாவுக்குக் காட்டாமல் விடுவதில்லை என்று ஒரே பிடியாக நின்றேன்.

போர்டில் பொடி எழுத்தில் இருந்த எண்ணைப் பார்த்து, வீட்டு நெட்டிலேயே உட்கார்ந்து, அது எந்தெந்த ப்ராசசரை ஏற்கும் என்று தேடினேன். பெரியதாகப் பார்த்து மயங்குவதை விட்டேன். இருக்கிற போர்டில் உட்கார வேண்டும், இருக்கிற மெமரியோடு ஓட வேண்டும், இருக்கிற விசிறியே சூட்டைத் தணிக்க வேண்டும், வேலையைப் பகிர்ந்துகொள்ள உள்ளே இரண்டு பேராவது இருக்க வேண்டும். அதற்குமேல் ஒரு ஆசையும் வேண்டாம். கடைசியில் யாரும் பேசாத, பழைய இரட்டைக் கோர் ஒன்று தேறியது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனேன். கடைக்காரர் புது கம்ப்யூட்டராகவே எடுத்துக்கச் சொல்லி விலைப்பட்டியலை நீட்டினார். "எனக்கு இது போதும்ண்ணே, இருக்கா இல்லையா?" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கழற்றிப்போட்ட சாமான்களிலிருந்து தேடி எடுத்து, ஓட்டிக் காட்டியே கொடுத்தார்.

தொட்டில் போட்ட அன்று காலை அப்பா திரையில் வந்தார், அசைந்தார், சிரித்தார். அவருக்குப் பின்னால் அறைக்காரர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். "பாத்தீங்களா, நான் அனுப்புன சாமான் எப்புடி ஓடுதுன்னு! நீங்களும் ஊருக்கு இதையே வாங்கி அனுப்புங்க" என்று அவர்களிடம் அவர் பெருமையடித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா என் காலை மிதித்தார். மிதித்தால் மிதிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்: "இல்லப்பா, நீங்க அனுப்புனது நம்ம போர்டுல ஒக்காரல. நாங்க வேற பழசு வாங்கிப் போட்டோம்."

அப்பா முகம் அப்படியே நின்றது. மறுபடியும் "ஸ்டக்" ஆகிவிட்டதோ என்று மவுசைத் தேடினேன். ஆனால் பின்னால் இருந்தவர்கள் அசைந்துகொண்டிருந்தார்கள். "சரி, அது கெடக்கட்டும்" என்றார் அப்பா கொஞ்சம் கழித்து. "புள்ளயக் கிட்டக்கக் கொண்டா ஆத்தா." கொண்டுபோனேன். தங்கச்சி கண்ணை அகல விழித்து அவரையே பார்த்தாள், அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது அந்த இரைச்சல் இல்லை, தெருவில் முகம் பார்க்க யாரும் கம்ப்யூட்டர் வைத்திருக்கவும் இல்லை. அப்பா ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். பிளஸ் டூ போகிற தங்கச்சி தன் கம்ப்யூட்டருக்கு எந்த ப்ராசசர் போடலாம் என்று போன வாரம் கேட்டாள். "முதல்ல போர்டப் பாரு" என்று எனக்கு முன்னால் அப்பா சொன்னார். குவைத் ப்ராசசர் இன்னும் ஷோகேஸில், காலி செண்டு பாட்டில்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"கெடக்கட்டும் ஆத்தா" என்றார். "அத்தனை வருசம் அனுப்புனதுல சேரலைன்னு நீங்க சொன்ன சாமான் அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் சரியா இருந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன்."

நல்லா இருந்துச்சுப்பா என்று இப்போதும் நான் சொல்லவில்லை. "கவுனெல்லாம் குட்டையாத்தான் இருந்துச்சு" என்றேன். "ஆனா ஒண்ணு விடாம போட்டுப் பாத்தேம்ப்பா."