ஐந்து தட்டு ஆப்பிள்

கொழும்பு வெள்ளவத்தை மாடிவீட்டில் தனியே இருந்த தவமலர், டிசம்பரில் ஆப்பிள் மலிந்ததும் மெல்லியதாகச் சீவி, கறுவாத்தூள் தூவி, ஓவனில் மொறுமொறுவென்று சுட்டெடுப்பாள். போர் நடந்த அந்த வருடம் புலிகளைத் தேடிச் சோதனைக்கு வந்த பொலிஸ்காரர், வீட்டில் தங்குவோரின் பொலிஸ் பதிவில் ஒரே பெயரும் மேசையில் ஐந்து தட்டும் இருக்கக் கண்டார்.

"ஒரு ஆளுக்கு இவ்வளவா? வேற யாரு ஒளிச்சிருக்கு?"

"ஒருத்தருமில்லை ஐயா. பழம் மலிவெண்டு செய்தனான். சாப்பிட்டுப் பாருங்கோ."

கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தவர் ஒரு தட்டைக் காலி செய்தார். சந்தேகம் தீரவில்லை. மறுநாள் இன்னும் இருவரோடு வந்து அலுமாரியையும் சோதித்தார். வெறுந்தட்டோடு அவர்கள் முன் நிற்கப் பயந்து தவமலர் கூடுதலாகச் சுட்டாள். சுடச்சுடச் சந்தேகமும் வளர்ந்தது.

தை பிறந்தது, கடைகளில் ஆப்பிள் முடிந்தது. அந்தக் கிழமையே அவள் வீட்டில் புலி எதுவும் இல்லையென்று பொலிஸுக்கு உறுதியாகிவிட்டது.