பையிலேயே கிடந்த டாக்டர் சீட்டு

காசிமேட்டில் இறால் உரிக்கும் கம்பெனி ஒன்றில் நான் சூப்பர்வைசர். எட்டாவதோடு படிப்பை விட்டவள். முதலாளி என்றாலே எனக்குப் பயம்.

என் வரிசையில் வேலை செய்த ஃபாத்திமாவுக்குச் சர்க்கரை வியாதி. பாதம் மரத்துப் போயிருந்தது. ஈரத்தில் ரப்பர் பூட்ஸோடு நிற்கக் கூடாது, உட்கார்ந்து செய்யும் வேலை கொடுங்கள் என்று டாக்டர் எழுதிய சீட்டை என்னிடம் நீட்டினாள். "மொதலாளிகிட்ட நீயே குட்த்துடுக்கா. எனக்கு பயமா கீது."

சீட்டைப் பார்த்ததும் அவளை நிறுத்திவிடுவார், நோயாளியைச் சேர்த்தது யார் என்று என்னையும் கேட்பார் என நினைத்தேன். பத்து நாள் அது என் சாப்பாட்டுப் பையிலேயே கிடந்தது. அவள் கேட்கும்போதெல்லாம், "பாக்குறேன்னாருடி" என்று பொய் சொன்னேன்.

பதினோராம் நாள் வேலை முடிந்து அவள் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தாள். தண்ணீரோடு ரத்தம் கொட்டியது. உள்ளே விழுந்த, இறால் தலையின் முள் போன்ற கொம்பு நாளெல்லாம் குத்தியிருக்கிறது, அவளுக்குத் தெரியவேயில்லை. "யார் ரத்தம்க்கா இது?" என்று என்னைத்தான் கேட்டாள்.

புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் சீட்டைக் கொடுத்தேன். முதலாளி படித்துவிட்டு, "லேபிள் ஒட்ற எடத்துல குந்தட்டுமே. இத முன்னாடியே குட்த்தா இன்னா?" என்றார்.

இப்போது அவள் அங்கேதான் வேலை செய்கிறாள். நான் அந்தப் பக்கம் போனால், "இந்த அக்கா பேசலன்னா எனக்கு வேலையே போயிருக்கும்" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்கிறாள். இன்றுவரை நான் மறுத்துப் பேசியதில்லை.