காற்று பிடுங்கப்படும்

எங்கள் குடியிருப்பின் வாசல் கதவில் ஒரு தகரப் பலகை தொங்குகிறது. 'கேட் முன் வண்டி நிறுத்தாதீர்கள். மீறினால் காற்று பிடுங்கப்படும்.' அபிராமபுரத்தில் எங்கள் தெருவில் மட்டும் இதுபோல் பதினொரு பலகைகள் இருக்கின்றன. எண்ணியிருக்கிறேன். பதினொன்றின் முன்னாலும் வண்டி நிற்கும். இன்றுவரை யாரும் யாருடைய காற்றையும் பிடுங்கியதில்லை.

இந்தப் பலகையை வைத்துத்தான் எனக்கும் என் மருமகளுக்கும் சண்டை வந்தது.

அவள் அடையாறில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க். நாற்பத்து மூன்று வயது. அதிகாரியாவதற்கான பதவி உயர்வுத் தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கோட்டைவிட்டவள். கணக்கில் குறையில்லை, ஆங்கிலத்தில் குறையில்லை. ரீசனிங் என்று ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். அதில் அசம்ப்ஷன் கேள்விகள் என்று ஒரு வகை. ஒருவர் ஏதோ சொல்கிறார். அதைச் சொல்லும்போது, சொல்லாமலே மனத்தில் எதை வைத்துக்கொண்டு சொல்கிறார் என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். தப்பான விடைக்கு மதிப்பெண்ணைப் பிடித்துக்கொள்வார்கள். அங்கேதான் அவள் சரிவாள்.

"மூணாவது தடவை எழுதறேன் மாமா. இதுவும் போச்சுன்னா ரிட்டயர் ஆகறவரைக்கும் அதே கவுண்டர், அதே சேர். இனிமே எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டிருந்தாள்.

அன்று காலை சாப்பாட்டு மேஜையில் பயிற்சித் தாளை என் பக்கம் தள்ளினாள். எங்கள் பலகையேதான் கேள்வி. 'கேட் முன் வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும் என்று வீட்டுக்காரர் எழுதி வைத்திருக்கிறார். இதில் மறைந்திருக்கும் அசம்ப்ஷன் எது?' முதல் விடை: எச்சரிக்கையைப் பார்த்தால் சிலராவது வண்டியை நிறுத்த மாட்டார்கள். அதுதான் சரி என்று தாளின் கடைசியில் அச்சிட்டிருந்தது. அவள் எதுவுமே சரியில்லை என்று குறித்திருந்தாள்.

"பால்கனில நின்னு பாருங்க. போர்டும் இருக்கு, அதுல சாஞ்சுக்கிட்டு ஸ்கூட்டரும் இருக்கு. அப்புறம் எப்படி இது சரியாகும்?"

"கேள்வி கேட்டவன் முட்டாள். அதுக்கு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கிளாஸுக்குப் போய் உக்காந்துட்டு வர்றியே, உன்னை என்ன சொல்றது?"

"கேள்வி முட்டாள்னு சொன்னா மார்க் போடுவாங்களா? உங்களுக்கு என்ன, ரிட்டயர் ஆயாச்சு. யாரை வேணா திட்டலாம்."

நான் புள்ளியியல் துறையில் வேலை பார்த்தவன். எங்கள் ஆட்கள் தெருத்தெருவாகப் போய் எண்ணிக்கொண்டு வந்ததை மறுபடி எண்ணிச் சரிபார்ப்பது என் வேலை. இருப்பதை இருக்கிறது என்று எழுதுவோம்; இல்லாததை இல்லை என்று எழுதுவோம். கண்ணெதிரே ஸ்கூட்டர் நிற்கும்போது நிற்கவில்லை என்று குறித்தால்தான் ஒருத்தி அதிகாரியாகலாம் என்றால், அந்தத் தேர்வை வைத்தவனைப் போய்ப் பார்க்காமல் எப்படி இருப்பது? வைத்தவன் டெல்லியிலோ மும்பையிலோ இருப்பான். சொல்லிக்கொடுப்பவன் தியாகராய நகரில் இருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளோடு நானும் கிளம்பினேன். வேண்டாம் என்று அவள் இரண்டு முறை சொன்னாள்.

உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், புடவைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் வகுப்பு. லிஃப்ட் புடவை வாங்குகிறவர்களுக்கு மட்டும் என்று காவலாளி மறித்தார். படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கியதில் எண்ணிக்கை தவறிவிட்டது. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

ஆசிரியருக்கு என் மகனைவிட வயது குறைவு. என்னைப் பார்த்ததும், "உள்ள வாங்க சார், அட்மிஷனா?" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. நாற்பது பேர் இருக்கலாம். என் மருமகள் மட்டும் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள்.

தாளை அவர் முன் போட்டேன். "எங்க வீட்டு கேட்டுல இதே போர்டு இருக்கு. ஒருத்தன் மதிக்கிறதில்லை. இது எப்படி சரியான விடை?"

"சார், நீங்க தெருவைப் பாக்கறீங்க. போர்டு வெச்சவர் மனசைப் பாருங்க. பத்து பேர்ல ஒருத்தனாவது பயப்படுவான்னு அவர் நினைக்கலேன்னா பெயிண்ட்டருக்கு எதுக்கு சார் காசு குடுக்கறாரு?"

"யாரும் பயப்படலையேய்யா!"

"அது அவர் தலையெழுத்து. நினைச்சாரா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி."

"அப்போ பொய்யா இருந்தாலும் சரிங்கிறீங்க."

"பொய்யா இருந்தாலும் அசம்ப்ஷன்தான் சார். டவுட் வந்தா ஒண்ணு பண்ணுங்க. அந்த விடையை அப்படியே இல்லேன்னு மறுத்துப் பாருங்க. 'ஒருத்தரும் பயப்பட மாட்டாங்க'ன்னு அவரே நம்பறாருன்னு வெச்சுக்கங்க. இப்ப போர்டு நிக்குதா? கீழ விழுந்துடுச்சு. மறுத்தா விழுதுன்னா அதுதான் அசம்ப்ஷன். மறுத்தும் விழலேன்னா அது சும்மா ஒரு தகவல்."

தாளைத் திரும்ப எடுத்து மடித்தேன். பையன் சொன்னது சரி. சரியாகச் சொல்கிறவர்களை எனக்கு எப்போதுமே கொஞ்சம் பிடிக்காது. அதுவும் நாற்பது பேர் முன்னால்.

திரும்பும்போது ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவள் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். "இன்னாம்மா, புள்ளைக்கு பரிச்சயா?"

"எனக்குத்தான்."

"உனக்கா! இந்த வயசுல படிச்சிக்கினு கீறியா? வூட்டுல சோறாக்கறது யாரு?" பிறகு என்னிடம், "இன்னா நைனா, நீயாவது சொல்லப்டாதா?" என்றார்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுய்யா" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மாமா, இதுல எத்தனை அசம்ப்ஷன் இருக்கு?"

"மூணு" என்றேன். அதற்குப் பிறகு வீடு வரும்வரை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு இருந்தது.

அதற்கடுத்த வாரம் ஆதம்பாக்கத்திலிருந்து என் தங்கை வந்தாள். கையில் ஒரு பெரிய டப்பா நிறைய சாம்பார் பொடி. மருமகள் அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் மகன் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தான். தேர்வு முடியும்வரை வீட்டு வேலையில் பாதி அவனுடையது என்று அவனே சொல்லியிருந்தான். பேரன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருப்பதால் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

"அண்ணே, அவ படிக்கட்டும்" என்றாள் தங்கை. "பொடி அரைக்கிற வேலையாவது மிச்சமாகட்டும்னு கொண்டாந்தேன். பாஸ் பண்ணிட்டா ஒரு கௌரவம்தானே? என் நாத்தனார் மக இல்ல, அவகூட பாஸ் பண்ணா. பாட்னாவுல தூக்கிப் போட்டான். பிரமோஷனே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு சமர்த்தா இங்கயே இருக்கா."

வங்கி வீடுகளில் இது வழக்கம். கிளார்க்காக இருக்கும்வரை ஊருக்குள்ளேயே இருக்கலாம். அதிகாரியானால் எங்கே வேண்டுமானாலும் போடுவார்கள். ஆண்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவார்கள். பெண்கள் எழுதுவார்கள், தேறுவார்கள், சொந்தக்காரர்களுக்கு ஸ்வீட் கொடுப்பார்கள், பிறகு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பழைய கவுண்டருக்கே போய்விடுவார்கள். அதைத்தான் என் தங்கை சமர்த்து என்கிறாள்.

"அதான் அத்தை" என்றான் மகன். "முதல்ல பாஸ் பண்ணட்டும். மத்தது அப்புறம் பாத்துக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வீட்டில் அவளுக்கு ஆளாளுக்குச் செய்துகொண்டிருந்த உதவி அத்தனைக்கும் அடியில் ஒரே ஒரு விடைதான் இருந்தது: அவள் போகமாட்டாள். அதை மறுத்துப் பார்த்தேன். அவள் போவாள் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பொடி டப்பா ஆதம்பாக்கத்திலிருந்து கிளம்பியே இருக்காது. என் மகன் கையில் துணி இருந்திருக்காது. எல்லாம் கீழே விழுந்தது. அடுப்படியைத் திரும்பிப் பார்த்தேன். கத்தி ஓடிக்கொண்டே இருந்தது. அவள் காதில் எதுவும் விழவில்லை என்று நினைத்தேன்.

தேர்வு முடிந்து வந்தவளிடம் மகன், "அந்தக் கேள்வியெல்லாம் எப்படி?" என்று கேட்டான்.

"அஞ்சு வந்துச்சு. அஞ்சும் போட்டுட்டேன்."

"எப்படிடீ? அதுலதானே எப்பவும் போகும்?"

"ஒவ்வொரு கேள்விலயும் நம்ம அத்தை பேசறதா நினைச்சுக்கிட்டேன். இல்லேன்னா நீங்க. நீங்க பேசறது நிஜமா பொய்யான்னு பாக்கவே இல்லை. மனசுல என்ன வெச்சுக்கிட்டுப் பேசறீங்கன்னு மட்டும் பாத்தேன். ஈசியா இருந்துச்சு."

அவன் சிரித்தான். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவனுக்குப் புரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டான்.

தேறிவிட்டாள். ஸ்வீட் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் ஆணை வந்தது: ஒடிசாவில் ஒரு சிறிய ஊர், நாங்கள் யாரும் பேர்கூடக் கேள்விப்படாதது. அன்றே என் தங்கை வந்து சேர்ந்தாள். இந்த முறை கையில் எதுவும் இல்லை.

"எழுதிக் குடுத்துடும்மா. எல்லாரும் பண்றதுதானே?"

மருமகள் பேசவில்லை. மகன் பேசினான். "நான் எப்படியாவது இருந்துப்பேன் அத்தை. அப்பாதான். சுகர் இருக்கு. வேளைக்குச் சாப்பிடணும், மாத்திரை போடணும். அவரை யார் பாத்துப்பா?"

"அதானே. எழுபத்தெட்டு வயசு மனுஷன்."

நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். என் மாத்திரைகளை நானே எண்ணிப் போட்டுக்கொள்கிறேன். எட்டு வருடமாக ஒரு வேளை தவறியதில்லை. ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கதவுக்கு முட்டுக்கொடுக்க ஒரு செங்கலை எடுத்து வைப்பதுபோல் என்னை எடுத்து வைத்தார்கள்.

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் மயிலாப்பூர் போனேன். மாட வீதியை ஒட்டிய ஒரு மெஸ்ஸில் வீட்டுக்கே கேரியர் அனுப்புகிறார்கள். "எத்தனை பேருக்கு சார்?" என்று கேட்டார் கல்லாவில் இருந்தவர். ஒருவருக்கு என்றேன். "வீட்ல லேடீஸ் ஊருக்குப் போயிருக்காங்களா?" "போகப்போறாங்க. ஆபீஸரா" என்றேன். அவருக்கு எதற்கு அதெல்லாம்? ஆனாலும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து, ராத்திரி இங்கேயே தங்கிவிட்ட தங்கை உட்பட மூன்று பேர் முன்னாலும் அறிவித்தேன். "மெஸ்ஸுல கேரியர் சொல்லிட்டேன். உப்பு, எண்ணெய் கம்மியா. என்னைக் காரணம் காட்டி இனிமே இந்த வீட்டுல யாரும் பேச வேண்டாம்." மருமகளைப் பார்த்து, "நீ தைரியமாப் போ" என்றேன். சொல்லும்போது எனக்கே ஒரு நிமிர்வு இருந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, உங்க சாப்பாட்டுக்காக நான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லணுமா? நேத்து முழுக்க வாயைத் திறக்கலையே நீ."

"பேச என்ன இருக்கு? ரிசல்ட் வந்த அன்னைக்கே மேனேஜர்கிட்ட எங்க போட்டாலும் போறேன்னு சொல்லிட்டேன். நேத்து டிக்கெட் பாத்துக்கிட்டு இருந்தேன்." பிறகு, பயிற்சித் தாளைக் காட்டுகிற அதே குரலில், "மறுத்துப் பாருங்க. நீங்க மெஸ் சாப்பாடு வேணாம்னு சொல்றீங்கன்னு வெச்சுக்கங்க. அப்பவும் நான் போவேன். கீழ விழல இல்ல? அப்போ அது அசம்ப்ஷன் இல்லை. சும்மா ஒரு தகவல்."

என் தங்கை வாயில் கை வைத்தாள். மகன் என்னைப் பார்த்தான், நான்தான் ஏதோ சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்பதுபோல். எனக்கு முகம் சுட்டது. இத்தனை நாளும் மற்றவர்கள் பேச்சில் ஒளிந்திருந்ததை எல்லாம் நான் ஒருவன்தான் எண்ணிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவளும் எண்ணிக்கொண்டிருந்தாள். என்னையும் சேர்த்து.

"நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். கேரியரை நிறுத்தச் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் கேவலம்.

அவள் போய் இரண்டு மாதம் ஆகிறது. மெஸ் சாம்பாரில் நான் சொன்னதற்கு மாறாக உப்பு தூக்கலாகத்தான் இருக்கிறது. மகன் இரவில் தோசை ஊற்றுகிறான்; மூன்றில் ஒன்று பிய்ந்துவிடும். தங்கை பேசுவதில்லை, பொடியும் வருவதில்லை.

போன வாரம் மருமகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவளுடைய புதுக் கிளையின் வாசல். கதவில் ஒரு பலகை. உருண்டை உருண்டையாக ஒடியா எழுத்து. கீழே எழுதியிருந்தாள்: 'படிக்கத் தெரியல மாமா. ஆனா என்ன எழுதியிருக்குன்னு தெரியும்.' பலகையை மறைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணினேன். ஆறு.

'படிக்காமல் எதையும் முடிவு செய்யாதே. வங்கி வேலை நேரமாக இருக்கலாம்' என்று பதில் அனுப்பினேன்.