எனக்கென்று ஒரு வக்கீல்

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக எனக்கு அது ஆறாவது வருஷம். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த ஒரு தையல்கார அக்கா என் வார்டில் படுத்திருந்தார். வலது கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. காலையில், "கை எரியுதும்மா" என்றார். ஊசி குத்திய இடம் லேசாகச் சிவந்திருந்தது. டாக்டரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஓடட்டும். வந்து பாக்கேன்" என்றார்.

அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதினேன். அன்று அந்த வார்டு முழுவதற்கும் நான் ஒருத்திதான். மறுபடி அந்தக் கட்டிலுக்கு வருவதற்குள் மருந்து சதையில் இறங்கிப் புறங்கை வீங்கிவிட்டது. தோல் கறுத்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். கடைசிவரை இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, அந்த அக்கா போட்ட வழக்கில் நுகர்வோர் ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. எதிர்த்தரப்பில் ஆஸ்பத்திரி, டாக்டர், மூன்றாவதாக நான். டாக்டர் தனக்குப் போன் வந்ததாகவே ஞாபகம் இல்லை என்றார். நான் எழுதியதற்குக் கீழே அவர் கையெழுத்தும் இல்லை. ஆஸ்பத்திரி வக்கீல் என்னை உட்காரவைத்து நிதானமாகத்தான் சொன்னார்.

"இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிக்கும் டாக்டருக்கும்தான்மா. நான் அவங்களுக்குத்தான் பேச முடியும். நீ தனியா ஆளு பாத்துக்கோ."

அதன்பிறகு சாப்பாட்டு அறையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். யாரும் என்னைத் திட்டவில்லை. என்னோடு பேசினால் தங்களையும் சாட்சிக்கு இழுத்துவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு, புன்னக்காயலுக்குப் போவேன். பூசை முடிந்து வந்ததும், "ஏட்டி, ஏன் இப்படி வாடிக் கெடக்க?" என்பாள் அம்மா. வேலை அதிகம் என்பேன். அப்பா கடலிலிருந்து வந்து தூங்கிக்கொண்டிருப்பார். மகள் நர்ஸ் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர்களிடம் எதை எடுத்துச் சொல்வது? பஸ்ஸில் திரும்பும்போது ஒரே கேள்விதான். டாக்டர் சொன்னால் என்ன, நானே அந்த ஊசியை எடுத்திருக்கலாமே?

முதல் விசாரணை அன்று ஆணையத்தின் வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அந்த அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரோடு பேசக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

"ஒம் மேல எனக்குக் கோவம் இல்லம்மா. ஆனா ஒம் பேரையும் சேத்தாத்தான் கேஸ் நிக்கும்னு வக்கீலு சொல்லுதாரு. எனக்கும் பொழப்பு போச்சுல்லா?"

"எம் மேலயும் தப்பு இருக்குக்கா" என்றேன். அத்தனை மாதத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அவரிடம் மட்டும்தான். கூப்பிடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

ஒரு வருஷத்துக்குமேல் இழுத்து, ஆஸ்பத்திரி அவரோடு சமரசம் செய்துகொண்டது. வழக்கு முடிந்தது. என் மேல் தப்பு உண்டா, இல்லையா என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. நானே வேலையை விட்டேன்.

இப்போது வேறு ஆஸ்பத்திரி. சேர்வதற்கு முன்பே, வழக்கு வந்தால் வக்கீல் செலவைப் பார்த்துக்கொள்கிற ஒரு இன்சூரன்ஸை என் பெயரில் எடுத்துக்கொண்டேன். அதைக் கேள்விப்பட்ட ஒரு சக நர்ஸ் சிரித்தாள்.

"தப்புப் பண்ணப் போறேன்னு நீயே எழுதிக் குடுக்க மாதிரில்லா இருக்கு?"

"தப்பே நடக்காதுன்னு ஒன்னால சொல்ல முடியுமா? நடந்தா எனக்காகப் பேச ஒரு ஆளு வேணும்."

இரண்டு நாள் கழித்து அவளே, அந்த இன்சூரன்ஸ் விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று பையக் கேட்டாள்.