ஐந்து தலைமுறைக் குதிரைக்காரர் எமே லித்தோ

பிரான்சில் மாக்கோன் நகருக்குத் தெற்கே, க்ளோ மொர்த்தாஸ் என்ற ஒயின் திராட்சைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய எமே லித்தோ பிறந்ததிலிருந்து எந்தக் குதிரையையும் தொட்டதில்லை. அவர் அப்பா பால் வண்டி ஓட்டினார். தாத்தா ரயில்வே கேட்டைத் திறந்து மூடினார், பெரும்பாலும் மூடினார். ஆனால் தோட்டத்தின் விளம்பரப் புத்தகத்தைத் திறந்தால், லித்தோ குடும்பம் ஐந்து தலைமுறையாக அந்த மண்ணைக் குதிரை பூட்டி உழுது வருவதாகப் போட்டிருக்கும். பக்கத்தில் எமேயின் படம், கையில் கடிவாளம். கடிவாளத்தின் மறுமுனையில் யாரும் இல்லை. அப்போது குதிரையே வாங்கியிருக்கவில்லை.

புத்தகம் போட்டவர் முதலாளி புருனோ தெஸ்த்ரே. லீல் நகரத்தில் நீச்சல் குளத்துக்கு மூடி விற்றுப் பணம் பார்த்தவர். மூடிக்கு வரலாறு கிடையாது என்பது அவரை உள்ளுக்குள் அரித்திருக்க வேண்டும். தோட்டத்தை வாங்கிய கையோடு, அந்தக் காலத்தில் அதை நட்டவர்கள் என்று புத்தகத்தில் துறவிகளை ஏற்பாடு செய்தார். ஒயினுக்குப் பேர்போன அந்தப் பர்கண்டிப் பக்கத்தில் துறவிகள் நடாத கொடி ஒன்றுகூட விற்பனைக்கு வருவதில்லை. எமே பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தத் துறவிகளின் பூமியில் மாடுகள் மேய்ந்தன. பிறகு கூட்டுறவுச் சங்கம் புல்டோசரை விட்டுச் சமன் செய்து கொடி வைத்தது. இதெல்லாம் புத்தகத்தில் இல்லை. இடம் போதவில்லை போலும்.

தோட்டத்தைச் சுற்றி ஒரு பழைய மதிலும் எழும்பியது. கல் புதுசு. பாசி பிடித்துப் பழசாகத் தெரியட்டும் என்று அதன்மேல் தயிர் பூசச் சொன்னார் தெஸ்த்ரே.

"முதலாளி, பழம் போட்ட தயிரா, வெறும் தயிரா?" என்று கேட்டார் எமே.

"வெறும் தயிர் போதும்" என்றார் தெஸ்த்ரே. யோசித்துத்தான் சொன்னார்.

தயிர் பூசுவதில் எமேவுக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. கொடி வரிசையின் தலைக்கு மேலே காலை அகட்டி நிற்கும் அந்த உயரமான டிராக்டரும், அதன் மெத்தை இருக்கையும், சைக்கிள் பந்தய வர்ணனை கேட்கும் ரேடியோவும் கையில் இருந்தால் போதும். இடுப்பு எலும்பு தேய்ந்துபோனவர். ஓய்வூதியம் வரும்வரை உட்கார்ந்தே காலம் தள்ளிவிடுவது என்பதுதான் அவருடைய மொத்த லட்சியம்.

அதில்தான் மண் விழுந்தது. ஒரு மார்ச் மாதக் காலையில் லாரியிலிருந்து மார்க்கீஸ் இறங்கினாள். மாட்டுப் பண்ணையில் தின்று கொழுத்த குதிரை. பின்பக்கம் சர்ச் கதவு அகலம்.

"இனிமே உழவெல்லாம் குதிரைதான், எமே. டிராக்டர் மண்ணோட மூச்சை அடைக்குது" என்றார் தெஸ்த்ரே.

"என் இடுப்பு, முதலாளி..."

"நடங்க, சரியாயிடும். டென்மார்க்லேருந்து ஒரு அம்மா சரக்கு எடுக்க வர்றாங்க. அவங்க பார்த்துட்டுப் போனதும் டிராக்டரை வித்துடலாம்."

எமே நொண்டிக்கொண்டே கஃபேக்குப் போனார். அதை நடத்தும் ஜொசெத் விளம்பரப் புத்தகத்தைக் காபி மெஷின் மேலேயே சாத்தி வைத்திருந்தாள்.

"வாங்க பிரபு! அஞ்சாம் தலைமுறைக்கு என்ன ஊத்தட்டும்?"

"பீர்."

"ஏன், உங்க தோட்டத்து ஒயின்?"

"அதைக் குடிச்சுட்டுத்தான் துறவிங்க ஊரை விட்டே போனாங்க. ஊத்துடி."

டென்மார்க்கிலிருந்து வந்த பிர்கிட்டே அம்மாள் ரப்பர் பூட்ஸோடு வரப்பில் நின்றாள். எமே கலப்பையைப் பிடித்தார். "ஹை!" என்றார். மார்க்கீஸ் புல்லைத் தின்றாள். கெஞ்சினார், கொஞ்சினார், அவள் தாயைப் பற்றியும் சில வார்த்தைகள் சொன்னார். குதிரை காதை மட்டும் ஆட்டியது.

"கொடுங்க இங்கே" என்று தெஸ்த்ரே கலப்பையைப் பிடுங்கிக்கொண்டார். "குதிரைக்கு மரியாதை கொடுக்கத் தெரியணும்."

"நீங்க மரியாதை கொடுத்துட்டு இருங்க. நான் போய் டிராக்டரைக் கொண்டாந்து கயிறு கட்டி இழுக்குறேன்" என்றார் எமே. வந்தவளுக்கு எதிரே டிராக்டர் என்ற வார்த்தையா! தெஸ்த்ரே பல்லைக் கடித்தார்.

கொட்டகையில் எஞ்சின் உறுமியது. மார்க்கீஸ் தலையைத் தூக்கினாள். பண்ணையில் அவளுக்கு வைக்கோல் கொண்டுவந்தது டிராக்டர்தான். அந்தச் சத்தம் என்றால் சாப்பாடு. டிராக்டர் ஒரு கொடி வரிசையைக் காலிடுக்கில் விட்டு முன்னே போனதும், பக்கத்து இடைவெளியில் அதன் பின்னாலேயே கிளம்பிவிட்டாள். கலப்பையோடு தெஸ்த்ரேயும் கிளம்பினார். விடவும் முடியாது, பிர்கிட்டே அம்மாள் ஏற்கெனவே படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"முதலாளியே உழுறாரே!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "முன்னாடி எதுக்கு டிராக்டர்?"

"பழக்கம்..." என்றார் தெஸ்த்ரே, மூச்சிரைக்க. "துறவிங்க... காலத்துலேருந்து..."

அவள் அந்த வருஷத்து ஒயின் முழுவதையும் வாங்கிக்கொண்டாள். ஒரு நிபந்தனை: தன் வாடிக்கையாளர்கள் வரும்போதெல்லாம் முதலாளி உழுது காட்ட வேண்டும்.

டிராக்டரை விற்கும் பேச்சு அத்தோடு நின்றது. அந்த வசந்தம் முழுக்க வண்டி வண்டியாக டேனிஷ்காரர்கள் வந்தார்கள். அவர்களைப் பார்க்கிற சாக்கில் ஊரும் வந்து தயிர் மதில்மேல் உட்கார்ந்தது. எமே மெத்தையில் சாய்ந்து, ரேடியோவைத் திருகிவிட்டு, பக்கக் கண்ணாடியில் பார்ப்பார். முதலாளி இன்னும் நிமிர்ந்தே நடந்துகொண்டிருந்தால் ஒரு கியர் கூட்டுவார்.