கொல்லைச் சுவருக்கு அடித்த சுண்ணாம்பு

என் வீட்டுக்காரர் கல் குவாரி லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் லாரி மேலேயே ரத்தமாக இருமினார். டிபி என்று நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்து, ஒரு பொட்டலம் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்திமூன்று வயது. ஆறாவதோடு நின்றவள்.

நர்ஸ் மாத்திரைகளை மேஜையில் பரப்பிக் காட்டினார்.

“இந்தாம்மா, நல்லா கேட்டுக்கோ. தினம் காலையில இந்த செவப்பு கேப்சூல் ஒண்ணு, சின்ன வெள்ளை ஒண்ணு, பெரிய வெள்ளை மூணு. எல்லாத்தையும் முழுங்கணும். இருமல் நின்னுட்டாலும் விடக்கூடாது. ஒண்ணுக்கு செவப்பா போகும், பயந்துடாத. மருந்து உள்ள போயிருக்குன்னு அர்த்தம்.”

நான் நான்கு முறை திரும்பக் கேட்டேன்.

“எத்தன வாட்டிம்மா கேப்ப? பின்னால லைன் நிக்குது பாரு.”

நான் அப்படித்தான். பால் பொங்கிவிடுமோ, பஸ் போயிருக்குமோ, கதவைச் சாத்தினோமா என்று எதையாவது நினைத்துக்கொண்டே இருப்பேன். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் மாத்திரையைப் பாதியில் விட்டுத் திரும்பி வந்தவர். என் கண்ணெதிரிலேயே செத்துப்போனார். அந்த முகம் ராத்திரி பகலாக என் கூடவே இருந்தது.

எங்கள் ஊர் மண்ணூரில் அப்போது நடவு, களையெடுப்பு என்று வயல் வேலை. விடிவதற்கு முன் கிளம்பினால்தான் ஆள் கணக்கில் சேர்ப்பார்கள். அவர் எழுந்து மாத்திரை போடும்போது நான் சேற்றில் நிற்பேன். முழுங்கினாரா என்று எப்படித் தெரியும்? கழிப்பறை எங்கள் தெருவிலேயே கிடையாது. ஆண்கள் கொல்லைச் சுவர் ஓரம்தான் போவார்கள். எங்களுடையது மண் சுவர், நிறம் தெரியாது. பானையில் கொஞ்சம் சுண்ணாம்பு மிச்சம் இருந்தது. கரைத்து, சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் அடித்தேன்.

என் ஓரகத்தி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டாள்.

“இன்னாடி, பொங்கலுக்கு இன்னும் எவ்ளோ நாள் கீது, இப்பவே வெள்ள அடிக்கிற? அதுவும் கொல்லப் பக்கம்? விருந்தாளிங்க இப்டிதான் வரப் போறாங்களா?”

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

“கட்டினவன் ஒண்ணுக்குப் போறத காவல் காக்கறவ இந்த ஊர்லயே நீ ஒருத்திதாண்டி!”

அவரிடமும் சொன்னேன். முறை மாமன் அவர், கல்யாணத்துக்கு அப்புறமும் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

“மாமா, நான் வந்து பார்ப்பேன். செவப்பா இல்லன்னா எனக்குத் தெரிஞ்சிடும்.”

“இன்னாமே, போலீஸ்ல சேந்துட்டியா நீ?”

“வெளயாடாத. முழுங்கிடு.”

“முழுங்கறேன் போ.”

மத்தியானம் காலில் சேறோடு நேராகக் கொல்லைக்குத்தான் போவேன். சுண்ணாம்பில் புதிதாகக் காவிக் கறை இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் தண்ணீர் குடிப்பேன். ஒரு நாளும் தவறவில்லை. இரண்டாவது மாதம் இருமல் நின்றது. கன்னத்தில் சதை வந்தது. பெரிய மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, முட்டியெல்லாம் வலி என்று முனகுவார். வெல்லம் கொடுப்பேன். மாதா மாதம் நானே போய்ப் பொட்டலம் வாங்கி வந்தேன்.

ஐந்தாவது மாதம் மறுபடி இருமினார்.

சளியைச் சோதித்துப் பார்த்த டாக்டர் இளவயதுக்காரர். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

“மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாரா?”

“ஒரு நாள் விடல டாக்டர்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சுண்ணாம்பு அடித்ததைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

“செவப்பு சாப்பிட்டிருக்கீங்க. வெள்ளை மாத்திரையெல்லாம்?”

என் வீட்டுக்காரர் தன் கால் விரலைப் பார்த்தார்.

“சொல்லுங்க.”

“அது வாந்தி வருது சார். முட்டி மடக்க முடில. இவ செவப்பத்தான் பாத்துகினு இருந்தா. அதனால அத மட்டும் போட்டுக்கினேன்.”

“மத்தது?”

“கால்வாய்ல போட்டுட்டேன்.”

“எவ்வளவு நாளா?”

“மொத மாசம் முடிஞ்சதுலருந்து.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். எல்லா மருந்தும் சேர்ந்து போனால்தான் கிருமி சாகும், ஒன்று மட்டும் போனால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்றார். இனி அந்தச் சிவப்பு மாத்திரை இவருக்கு வேலை செய்யாது. நல்ல மருந்தே அதுதான் என்றும் சொன்னார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

“ஒன்ன ஏமாத்தணும்னு இல்லமே,” என்றார்.

“தெரியும்.”

எதைப் பார்ப்பேன் என்று நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பார்க்காத ஒன்றை அவர் விட்டுவிட்டார், அவ்வளவுதான். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. ஓரகத்தி கேட்டபோது மருந்து சேரவில்லை என்றேன்.

அடுத்தது ஊசி. ஞாயிறு தவிர தினமும், கூடவே வேறு மாத்திரைகள். வயல் வேலைக்குப் போவதை விட்டேன். காலையில் சொம்புத் தண்ணீரோடு அவர் எதிரே உட்காருவேன். ஒவ்வொன்றாகக் கையில் வைப்பேன். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்ப்பேன். அப்புறம் நடந்தே போய் ஊசி போட்டு வருவோம். எத்தனை மாதம் அப்படிப் போனது என்று யோசித்தால் எல்லாம் ஒரே நாள் போலத்தான் தெரிகிறது.

ஒரு நாள், “காதுல வண்டு கத்திகினே கீதுமே,” என்றார்.

டாக்டரிடம் போனோம். இந்த ஊசி சிலருக்குக் காதைக் கெடுக்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். நிறுத்தினால் நெஞ்சுக்கு உத்தரவாதம் இல்லை, தொடர்ந்தால் காதுக்கு இல்லை, நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

“நீ சொல்லு.”

“போட்டுக்கோ மாமா,” என்றேன்.

முதலில் குழாயடிச் சத்தம் கேட்கவில்லை என்றார். அப்புறம் லாரி ஹாரன். கடைசியில் நான் கூப்பிடுவதும் கேட்கவில்லை. ஊசி நின்ற பிறகும் காது திரும்பவில்லை. மாத்திரை மட்டும் தொடர்ந்தது.

ஒன்றரை வருடம் கழித்துச் சளியில் கிருமி இல்லை என்றார்கள். மூன்று தடவை சோதித்தும் இல்லை. மருந்தை நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர்.

“ஒண்ணு ரெண்டு கூட வேணாமா?” என்றேன்.

“வேணாம்மா.”

“நெஜமாவா டாக்டர்? கொஞ்ச நாளைக்கு?”

“ஒண்ணுமே வேணாம்.”

அவருக்குக் கேட்காது என்பதால் ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். டாக்டருக்குக் கும்பிடு போட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் நிரம்பியிருந்தது. தன் குரல் எவ்வளவு உயருகிறது என்று அவருக்குத் தெரிவதில்லை. திடீரென்று கத்தினார்.

“இன்னாமே, சந்தோசமா இல்லியா ஒனக்கு?”

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சந்தோஷம்தான் என்று தலையாட்டினேன். எனக்குள் ஒன்றும் இல்லை. இறங்கும் இடம் தாண்டிவிடப் போகிறது என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.