பங்காருப்பேட்டைக்கு முன் ஒரு கேள்வி

ஒருவரை நினைத்தால் முகம்தான் முதலில் தோன்றும் என்பார்கள். ஹெட் கிளார்க் சாரை நினைத்தால் எனக்குத் தோன்றுவது அவருடைய ஆள்காட்டி விரல். மாரிக்குப்பத்தில் புறப்படும் காலை ரயிலில், ஜன்னலோரத்தில் அமர்ந்தபடி, அந்த விரலை என் அப்பாவின் மார்புக்கு நேரே நீட்டி அவர் கேட்டது இன்றும் காதில் நிற்கிறது. “இன்னாப்பா வாட்ச்மேன், பேஷன்ஸ்! மீனிங் சொல்லு. நவுனா, வெர்பா, அட்ஜெக்டிவா, அதையும் சொல்லு.” அப்பா புன்னகையோடு, “பொறுமை சார். அது நவுனா வெர்பா, அதான் தெர்ல” என்றார். “மீனிங் மட்டும்னா அரை டிக்கெட்டுப்பா. அரை டிக்கெட்டுக்கு சீட்டு கிடையாது. எய்ந்திரு, எய்ந்திரு.” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டே எழுந்தார். கல்லூரிப் பேச்சுப் போட்டிக்காக அவரோடு நான் முதன்முதலாகப் பெங்களூருக்குப் பயணம் செய்த நாள் அது.

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் ஸ்கெலட்டன் பகுதியிலிருந்து நாள்தோறும் ரயிலேறுகிறவர்களுக்கு அது பழகிப்போன வழக்கம். ஹெட் கிளார்க் சார் ஆங்கிலச் சொல் ஒன்றைச் சொல்வார். பொருளும் சொல்வகையும் இரண்டுமே சரியாகச் சொன்னால் இருக்கை உண்டு. ஒன்று தவறினாலும் பெங்களூர் வரை நின்றாக வேண்டும். தங்கச் சுரங்கம் இயங்கிய காலத்தில் அவர் அலுவலக எழுத்தர். அப்பா ஷாஃப்ட் என்னும் ஆழக் குழியில் இறங்கும் தொழிலாளி. சுரங்கம் மூடப்பட்டபின் அவர் ஒரு லாரி நிறுவனத்தின் தலைமை எழுத்தரானார். அப்பா ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் வாயிற்காவலரானார். சுரங்கத்தைத் தண்ணீர் நிரப்பிவிட்டது. அங்கிருந்த மேலோர் கீழோர் வித்தியாசம் மட்டும் நனையாத காலோடு ரயிலேறி வந்து எங்களுக்கு எதிரே அமர்ந்திருந்தது.

அந்தக் கட்டடத்து வாயிலில் காவலருக்கு நாற்காலி போடமாட்டார்கள். பகல் முழுவதும் நின்றே இருக்க வேண்டும். வீடு திரும்பியதும் அப்பா கால்களை வெந்நீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு தண்ணீர் ஆறும்வரை உட்கார்ந்திருப்பார். ஆகவே அந்த மனிதர் விளையாட்டாகப் பறித்தது ஓர் இருக்கையை அன்று. வேலைக்கு முன் அந்தக் கால்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே ஓய்வை. அன்று நான் எழுந்து என் இடத்தில் அப்பாவை அமரச் சொன்னேன். “நீ உக்காரும்மா, மேடையில நிக்கப்போற புள்ள” என்று என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டார்.

போட்டியின் அடுத்தடுத்த சுற்றுகளுக்காக அதே ரயிலில் போன நாள்களில்தான் உண்மை விளங்கியது. சொல் கேட்கும் படலம் எப்போதும் பங்காருப்பேட்டைக்கு முன்னால் முடியும். கடைசிக் கேள்வி எப்போதும் அப்பாவுக்கே வரும். பங்காருப்பேட்டையில் ஏறும் பெருங்கூட்டத்தில் ஹெட் கிளார்க் சாரின் நண்பர் ஒருவர் இருப்பார். அப்பா எழுந்த இடத்தில், “சீட்டு ரெடியா சார்?” என்றபடி அவர் அமர்ந்துகொள்வார். அது ஆங்கிலப் பாடமன்று. நண்பருக்கு இடம் பிடிக்கும் ஏற்பாடு. துண்டு போட்டு இடம் பிடிக்கிறவன் இவரைவிட யோக்கியன். அவன் துண்டை அறிவு என்று சொல்லிக்கொள்வதில்லை.

மேடையில் எதிர்வாதத்தை முறிக்கப் பயின்றவள் நான். ஒரு நாள் விரல் நீளுமுன் குறுக்கிட்டேன். “சார், இன்னைக்கு ஒரு வார்த்தை நான் கேக்கட்டுமா?”

“கேளும்மா, கேளு. காலேஜ் பொண்ணு கேக்குது, எல்லாரும் உஷாரா இருங்கப்பா!”

“சிட் டவுன், ப்ளீஸ். இதுல ப்ளீஸ் இன்னா சார்?”

“இது ஒரு கேள்வியா? தயவுசெய்து. வெர்ப்.”

“மீனிங் சரி. ஆனா அட்வெர்ப் சார்.” கைப்பேசியில் அகராதியைத் திறந்து நீட்டினேன். “நீங்க சொன்ன ரூல்தான். அரை டிக்கெட்.”

ஒருவர் விசிலடித்தார். “மாட்டிக்கினாரு ஹெட் கிளார்க்கு!” என்றது மற்றொரு குரல். அவர் அகராதியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். வேறு வழியின்றிக் கம்பியைப் பிடித்து எழுந்தார். என் வாழ்வில் நான் பெற்ற எந்தக் கைதட்டலும் அந்த நொடிக்கு ஈடாகாது.

நொடிதான். அவர் நிமிர்ந்து நிற்பதற்குள் அப்பா பதறி எழுந்துவிட்டார். “சார், சார், நீங்க உக்காருங்க. அது ஏதோ வெளையாட்டுக்குப் பேசுது. கம்முனு இரும்மா நீ.” தோளைத் தொடாமல், கைகளை மட்டும் காற்றில் தாழ்த்தி, அவரைத் திரும்ப அமர்த்தினார். ரயில் பங்காருப்பேட்டையில் நின்றது. நண்பர் ஏறி அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தார்.

ஹெட் கிளார்க் சார் பாமரருக்கு ஆங்கிலம் புகட்டியவர் என்று அந்தப் பெட்டியில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். மறுக்கிறேன். என் அப்பாவுக்கு அவர் கற்பித்த ஒரே பாடம் எழுந்து நிற்பது. அதைக் கற்றுக்கொண்டதற்காக அப்பாமீது எனக்குக் கோபமில்லை. கற்பித்தவருக்கு மன்னிப்பும் இல்லை.

இப்போது நானும் வேலைக்கு அதே ரயிலில்தான் செல்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு அவர் யாரிடமும் சொல் கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. பங்காருப்பேட்டைக்கு முந்தைய நிலையமான கோரமண்டல் தாண்டியதும் அப்பா தாமாகவே எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.